ஆப் இருக்கு, அந்தப் பக்கம் யார் இருக்கா?

எங்க பெரியம்மா வீடு பிள்ளையார்பாளையத்துல. காலையில தெருவுல பாவு நீட்டுற நேரத்துக்குப் போனா, பைக்கைத் தெருமுனையிலயே நிறுத்திட்டு நடந்துதான் உள்ள போகணும். வீட்டோட முன் அறை முழுக்கக் குழித்தறி. பெரியப்பா தறியில உட்கார்ந்திருப்பார். பெரியம்மா பக்கத்துல தார் சுத்திக்கிட்டு இருப்பாங்க, இல்லன்னா அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட்டுக்கிட்டு இருப்பாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்கு மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சது. சென்னையில ஒரு மருத்துவமனையில கீமோ ஆரம்பிச்சாங்க.

மூணாவது கீமோ முடிஞ்சு பத்தாவது நாள். செமஸ்டர் லீவுக்கு நான் அங்கதான் இருந்தேன். ராத்திரி ஒன்பது மணி வாக்குல பெரியம்மா "லேசா காயுற மாதிரி இருக்கு கண்ணு"ன்னாங்க. வீட்டுல இருந்த டோலோ ஒண்ணு கொடுத்தோம். டிஸ்சார்ஜ் சீட்டுல இருந்த நம்பருக்கு அண்ணன் ரெண்டு தடவை அடிச்சுப் பார்த்தான், யாரும் எடுக்கல. அதுக்குள்ள காய்ச்சலும் இறங்கிடுச்சு, எல்லாரும் நிம்மதியா தூங்கப் போயிட்டோம். விடியக்காலை நாலு மணிக்கு பெரியம்மா உடம்பெல்லாம் தூக்கிப் போட ஆரம்பிச்சது. 108 வந்து கூட்டிட்டுப் போனாங்க. பக்கத்துல இருந்த மருத்துவமனையில டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "காய்ச்சல் எப்போ ஆரம்பிச்சது?" ஒன்பது மணின்னு சொன்னோம். "ஏழு மணி நேரமா?"ன்னு மட்டும்தான் கேட்டாங்க. நாலு நாள் ஐசியூல இருந்து பெரியம்மா பிழைச்சு வந்தாங்க.

அந்த ராத்திரி என்ன நடந்ததுன்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சது. கீமோ மருந்து வேகமா பிரியுற செல்களை அடிக்குது. புற்றுநோய் செல் வேகமா பிரியும், அதனால அது சாகும். ஆனா எலும்பு மஜ்ஜையில நம்ம ரத்த அணுக்களை உருவாக்குற செல்களும் வேகமா பிரியுறதுதான். அதனால கீமோ போட்ட 7-லிருந்து 14-வது நாளுக்குள்ள, நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணுக்கள் பொதுவா ரொம்பக் குறைஞ்சு போகும். கிருமி உள்ள வந்தா முதல்ல போய் சண்டை போடுற ஆளுங்க இவங்கதான். இவங்க இல்லாத நேரத்துல வீக்கம், சீழ் மாதிரியான வழக்கமான அடையாளம்கூடப் பெருசா தெரியாது. காய்ச்சல் ஒண்ணுதான் வெளிய தெரியுற ஒரே சிக்னல். டோலோ கொடுத்து நாங்க அந்த சிக்னலையும் அணைச்சுட்டோம், உள்ள கிருமி தன் வேலையைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கு.

இதுல விதி ரொம்ப எளிமை. கீமோ எடுத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டா, ராத்திரியா இருந்தாலும் உடனே மருத்துவமனை. டாக்டரைக் கேட்காம பாராசிட்டமால் போட்டு இறங்குதான்னு பார்க்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போய் ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் ஏறணும். இதை டிஸ்சார்ஜ் அன்னைக்கு யாராவது சொல்லியிருக்கலாம், நாங்க கேட்டுட்டு மறந்திருக்கலாம். ஒரு கையில ஸ்கேன் கவரும் இன்னொரு கையில மருந்துப் பையும் வெச்சுக்கிட்டு நிக்குறப்போ எத்தனை விஷயம் மண்டையில ஏறும்?

இந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இதையே எடுக்கலாம்னு தோணுச்சு. "புற்றுநோய் நோயாளிகளுக்கான ரிமோட் மானிட்டரிங் ஆப்". டீம்ல மூணு பேர். முதல் ரிவ்யூவுக்கு அழகான டேஷ்போர்டு, கலர் கலரா கிராஃப், ஒரு சாட்பாட்னு எல்லாத்தையும் போட்டுக்கிட்டுப் போனோம். அதுல பாதியை அப்புறம் நாங்களே தூக்கிட்டோம். ஏன் தூக்கினோம்கிறதுதான் இந்தக் கட்டுரை. (தமிழ்ல இவ்வளவு நீளமா டைப் பண்றது எனக்கு இதுதான் முதல் தடவை, எழுத்துப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.)

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. 21 நாளைக்கு ஒரு தடவைன்னு ஆறு கீமோ போடுறாங்கன்னு வைங்க. மொத்தம் 126 நாள். அதுல மருத்துவமனையில இருக்கிறது ஆறு நாள். மீதி 120 நாளும் வீட்டுல. வாந்தி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், மூச்சு வாங்குறது எல்லாம் பெரும்பாலும் அந்த 120 நாள்லதான் வருது. அடுத்த தடவை டாக்டர் "எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்கும்போது நம்ம ஆளுங்க சொல்ற பதில் என்னன்னு உங்களுக்கே தெரியும். "நல்லா இருக்கேன் சார்." மூணு வாரத்துக்கு முன்னாடி ரெண்டு நாள் எழுந்திரிக்கவே முடியாம கிடந்ததெல்லாம் அந்த ஒரு வரியில காணாமப் போயிடும். ரிமோட் மானிட்டரிங்னு பெரிய பேரு வெச்சாலும், வேலை இதுதான். அந்த 120 நாள்ல நடக்குறதை நடக்கும்போதே மருத்துவமனைக்குத் தெரியப்படுத்தணும்.

இது உண்மையிலேயே பலன் தருதான்னு தேடினப்போ கிடைச்ச முக்கியமான ஆய்வு நியூயார்க்ல மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில நடந்தது. காஞ்சிபுரம் பசங்களுக்கு இந்தப் பேரு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கலாம். 1968 செப்டம்பர்ல அறிஞர் அண்ணாவுக்கு ஆபரேஷன் நடந்தது அங்கதான். முதலமைச்சரா இருந்த அண்ணா அங்கிருந்து திரும்பி வந்து சில மாசத்துல, 1969 பிப்ரவரி 3 அன்னைக்கு சென்னையில இறந்துட்டார். அவர் பேருலதான் நம்ம ஊர் காரப்பேட்டையில அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. பஸ்ல எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கேன், ஒரு தடவைகூட இதையெல்லாம் யோசிச்சதில்ல.

ஈதன் பாஷ்ங்கிற டாக்டரும் அவர் டீமும் அந்த நியூயார்க் மருத்துவமனையில 766 நோயாளிகளை எடுத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் முத்தின நிலைப் புற்றுநோய், எல்லாரும் வெளிநோயாளியா கீமோ எடுக்குறவங்க. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதே சிகிச்சையோட கூடுதலா ஒண்ணே ஒண்ணு: பசியின்மை, வலி, வாந்தி, மூச்சுத்திணறல், இருமல், கை கால் மரத்துப்போறதுன்னு 12 அறிகுறிகளுக்கு அவங்களே கம்ப்யூட்டர்ல மார்க் போடணும். நிலைமை மோசமானா நர்ஸுக்கு ஈமெயில் போகும். அவ்வளவுதான் சிஸ்டம். ஏஐ கிடையாது, பிளாக்செயின் கிடையாது. நம்ம செகண்ட் இயர் பசங்க ஒரு வீக்எண்ட்ல எழுதிடுவாங்க.

2017-ல முடிவு வெளியாச்சு. வழக்கமான சிகிச்சைப் பிரிவுல சராசரி ஆயுள் 26 மாசம் (இது மீடியன், அதாவது பாதிப் பேர் அதைத் தாண்டி இருந்தாங்க). மார்க் போட்ட பிரிவுல 31.2 மாசம். அஞ்சு மாசம் அதிகம். எமர்ஜென்சி வார்டுக்குப் போக வேண்டி வந்தவங்க 41 சதவீதத்துல இருந்து 34 சதவீதமா குறைஞ்சிருந்தாங்க. கீமோவைத் தாங்கிக்கிட்டுத் தொடர்ந்த காலமும் 6.3 மாசத்துல இருந்து 8.2 மாசமா கூடியிருந்தது. பக்கவிளைவை ஆரம்பத்துலயே கவனிச்சதால மருந்தைப் பாதியில நிறுத்த வேண்டிய நிலை தள்ளிப்போச்சு.

இதுல என்னை உட்கார வெச்சு யோசிக்க விட்டது வேற ஒரு தகவல். அந்த 766 பேர்ல கம்ப்யூட்டரே பழக்கமில்லாதவங்க ஒரு குழுவா இருந்தாங்க. அவங்க வீட்டுல இருந்து எதையும் அனுப்பல. மருத்துவமனைக்கு வரும்போது அங்க இருக்கிற மெஷின்ல மட்டும் மார்க் போட்டாங்க. அதிகமா பலன் அடைஞ்சது அவங்கதான். "எங்க ஊர்ல பெரியவங்களுக்கு ஆப் எல்லாம் யூஸ் பண்ணத் தெரியாது சார், அதனால இது சரிப்படாது"ன்னு சொல்ற எல்லாருக்கும் இதைக் காட்டணும். முறையா கேட்டா யாருக்கு அதிக லாபம்னா, இதுவரைக்கும் யாரும் முறையா கேட்காதவங்களுக்குத்தான்.

இப்போ உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். ஒவ்வொரு அறிகுறிக்கும் 0-லிருந்து 4 வரைக்கும் மார்க். 0-ன்னா இல்லவே இல்ல, 4-ன்னா முடங்கிப் போற அளவு. நியூயார்க் ஆய்வுல அலர்ட் போறதுக்கான விதி ரெண்டு: போன தடவையை விட 2 மார்க் கூடினா, இல்லன்னா நேரடியா 3-ஐத் தொட்டா. இந்த ரெண்டும் தேவை. முதல் விதி திடீர் மாற்றத்தைப் பிடிக்கும். ரெண்டாவது விதி மெதுவா ஏறிக்கிட்டே போறதைப் பிடிக்கும். நாங்க முதல்ல ரெண்டாவதை மட்டும்தான் எழுதியிருந்தோம். 0-ல இருந்து ஒரே நாள்ல 2-க்குப் போன வயிற்றுப்போக்கு எங்க சிஸ்டத்துல அமைதியா உட்கார்ந்திருந்தது.

ஐரோப்பாவுல ஆஸ்திரியா, கிரீஸ், நார்வே, அயர்லாந்து, பிரிட்டன்னு அஞ்சு நாடுகள்ல 829 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடந்து 2021-ல வெளியாச்சு. கீமோ எடுக்குறவங்க கையில ஒரு போன் கொடுத்துடுவாங்க, தினமும் அதுல பதில் சொல்லணும். அந்த சிஸ்டத்துல அலர்ட்டுக்கு ரெண்டு கலர். ஆம்பர் வந்தா 8 மணி நேரத்துக்குள்ள நோயாளியைக் கூப்பிடணும். சிவப்பு வந்தா 30 நிமிஷத்துக்குள்ள. நான் அதைப் படிச்சப்போ அண்ணன் ரெண்டு தடவை அடிச்சும் எடுக்காத அந்த நம்பர்தான் ஞாபகம் வந்தது. எங்க வீட்டுல போன் இருந்தது, நெட்வொர்க் இருந்தது, தெர்மாமீட்டர்கூட இருந்தது. 30 நிமிஷத்துக்குள்ள திருப்பிக் கூப்பிட வேண்டியது யாரோட வேலைன்னு எழுதி வெச்ச ஒரு ஏற்பாடு மட்டும் இல்ல.

நம்ம ரிவ்யூல எல்லாரும் தவற விடுற இடம் இதுதான். ஆப் அலர்ட் அனுப்பிடும், சரி. அந்தப் பக்கம் யாரு? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு மருத்துவமனையில 300 பேர் உங்க ஆப்பை யூஸ் பண்றாங்க. ஒரு நாளைக்குப் பத்துல ஒருத்தருக்கு அலர்ட் வந்தாலே 30 அலர்ட். ஒருத்தருக்குப் பத்து நிமிஷம் பேசினா 300 நிமிஷம், அதாவது அஞ்சு மணி நேரம். வார்டுல ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கிற நர்ஸ் தலையில இதைக் கட்டினா ரெண்டாவது வாரமே அந்த டேப்லெட் பீரோவுக்குள்ள போயிடும். நியூயார்க்ல அலர்ட் வந்ததுல 77 சதவீதத்துக்கு நர்ஸ்கள் ஏதாவது ஒண்ணு செஞ்சிருக்காங்க: போன்ல ஆலோசனை, மருந்து மாத்தம், டோஸ் குறைப்பு, வேற டாக்டர்கிட்ட அனுப்புறது. அந்த அஞ்சு மாசம் கூடுதல் ஆயுள் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா, நான் அந்த 77-ஐத்தான் காட்டுவேன்.

முழுசா சொல்லணும்னா இதையும் சொல்லணும். அதே பாஷ் டீம் அமெரிக்கா முழுக்க 52 சின்ன, நடுத்தர சிகிச்சை மையங்கள்ல 1,191 பேரை வெச்சு இன்னொரு ஆய்வு செஞ்சாங்க. அதுல நோயாளிகளோட உடல் இயக்கம், அறிகுறிகள், வாழ்க்கைத் தரம் எல்லாம் மேம்பட்டதுன்னு 2022-ல வந்தது. ஆனா ஆயுள் கூடினதா கடைசி முடிவுல தெளிவா தெரியல. ஒரே மாதிரி கேள்வி, ஒரே மாதிரி அலர்ட். ஒரு பெரிய மருத்துவமனையில கிடைச்ச பலன் எல்லா இடத்துலயும் அப்படியே வந்துடாது. அதனால "எங்க ஆப் உயிரைக் காப்பாத்தும்"னு எங்க பிபிடியில இருந்த ஸ்லைடை எடுத்துட்டோம்.

அடுத்த பிரச்சனை கேள்வியோட மொழி. இதைச் சொல்லிக் கொடுத்தது பெரியம்மாதான். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்குற பேக்லிடாக்சல் மாதிரி மருந்துகள் விரல் நுனி நரம்புகளைப் பாதிக்கும். எங்க ஆப்ல இதுக்கு நான் எழுதின கேள்வி: "உங்கள் கைகளில் உணர்வின்மை அல்லது கூச்ச உணர்வு உள்ளதா?" கூகுள் டிரான்ஸ்லேட் தமிழ். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சாங்க. 'இல்லை'ன்னு அமுக்கினாங்க. நான் போனை வாங்கி அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அன்னைக்கு சாயங்காலம் பெரியப்பா சாதாரணமா சொல்றார், "உங்க பெரியம்மாவால இப்போல்லாம் இழை பிடிக்க முடியல. பட்டு கையில இருக்கிறதே தெரியலங்கிறா."

பட்டு இழை எவ்வளவு மெல்லிசுன்னு தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். தறி வேலையில இருக்கிற ஒருத்தருக்கு விரல் நுனி போச்சுன்னா வருமானம் போச்சு. ஆரம்பத்துலயே தெரிஞ்சா டாக்டர் டோஸைக் குறைக்கலாம், தள்ளிப் போடலாம், மருந்தையே மாத்தலாம். ரொம்ப நாள் விட்டா மருந்து நிறுத்தின பிறகும் மாசக்கணக்குல, சிலருக்கு அதுக்கும் மேல மரத்துப்போறது நிக்காது. அப்புறம் ஏன் 'இல்லை'ன்னு அமுக்கினீங்கன்னு கேட்டேன். "கூச்சமான்னு கேட்டிருந்தது. எனக்கு என்னடா கூச்சம்?"னாங்க. எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாவும் இருந்தது. தமிழ்நாட்டுலயே பிறந்து வளர்ந்து, தமிழ்ல ஒரு கேள்வி கேட்கத் தெரியல.

அப்புறம் அவங்களையே பக்கத்துல உட்கார வெச்சுக் கேள்விகளை மாத்தினோம். "விரல் மரத்துப் போகுதா? இழை எடுக்க, பட்டன் போட, பூ கட்ட முடியுதா?" இதுக்கு மார்க்கும் சுலபம்: முடியுது, கஷ்டப்பட்டு முடியுது, முடியல. 'சோர்வு'க்குப் பதிலா "வழக்கமா செய்யுற வேலையில பாதியாவது முடியுதா?" 'பசியின்மை'க்குப் பதிலா "நேத்து எத்தனை வேளை சாப்பிட்டீங்க?" உண்மையான ஆய்வுகள்ல இப்படி மாத்தின கேள்விகளை நிறைய நோயாளிகள்கிட்ட சோதிச்சுப் பார்த்துதான் பயன்படுத்துவாங்க. எங்களுக்கு அந்த வசதி இல்ல, இது மாணவர் ப்ராஜெக்ட்தான். ஆனா எந்தப் பக்கம் போகணும்னு தெரிஞ்சது.

போன் யாருடையதுங்கிறது இன்னொரு சிக்கல். பெரியம்மாகிட்ட பட்டன் போன். ஸ்மார்ட்போன் அண்ணனுடையது, அவன் காலையில ஒரகடம் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போயிடுவான். நோட்டிஃபிகேஷன் அவன் பாக்கெட்டுல அடிக்கும். இன்னொரு விஷயமும் இருக்கு. நம்ம வீடுகள்ல நிறைய பேர் நோயாளிகிட்டயே புற்றுநோய்னு சொல்லாம "கட்டி"ன்னு மட்டும் சொல்லி வெச்சிருப்பாங்க. அது சரியா தப்பாங்கிறது வேற சண்டை. ஆனா எங்க முதல் வெர்ஷன் லாக் ஸ்க்ரீன்ல "கேன்சர் கேர்: இன்றைய அறிகுறிகளைப் பதிவு செய்யவும்"னு காட்டுச்சு. பக்கத்து வீட்டு அக்கா பார்த்தா? கல்யாணப் பேச்சு நடக்குற பொண்ணு இருக்கிற வீடா இருந்தா? 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சர்வர்ல இருக்கிற டேட்டாவைப் பத்திப் பேசுது. லாக் ஸ்க்ரீனைப் பத்தி நாமதான் யோசிக்கணும். இப்போ எங்க ஆப் பேரு வெறும் "நலமா?". நோட்டிஃபிகேஷன்லயும் அந்த ஒரு வார்த்தைதான் வரும்.

சென்சார் பத்தி நிறைய பேர் கேட்டாங்க. ஸ்மார்ட்வாட்ச்ல நடை எண்ணிக்கை, நாடித்துடிப்பு எல்லாம் எடுக்கலாம். படுக்கையிலயே கிடக்குற நாள்கள் கூடுதான்னு பார்க்க அது உதவும். ஆனா தறியில உட்கார்ந்து நாள் முழுக்க மிதி போடுறவரோட உழைப்பை ஸ்டெப் கவுன்ட் கண்டுபிடிக்காது. என் ஓட்டு ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டருக்குத்தான். கொரோனா நேரத்துல பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்ம பாட்டிங்ககூடப் பழகிக்கிட்டாங்களே, 94-க்குக் கீழ போனா ஆபத்துன்னு தெருவுக்கே தெரிஞ்சிருந்ததே. அதே மாதிரி 100.4-ஐயும் ஒரு வீட்டுக்குப் பழக்கிட முடியும்.

அந்தப் பக்கம் உட்கார ஆள் எங்கிருந்து வருவாங்கங்கிற கேள்விக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல. ஆனா தமிழ்நாட்டுல ஆரம்பிக்க ஒரு இடம் இருக்குன்னு நினைக்கிறேன். 2021 ஆகஸ்ட் 5-ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல ஏற்கனவே பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, பிசியோதெரபி, வலி நிவாரணப் பராமரிப்பும் இருக்கு. கதவைத் தட்டி வர்ற அந்த அக்காவுக்குத் தெருவுல யார் வீட்டுல என்னன்னு தெரியும். கீமோவுல இருக்கிறவங்க வீட்டுக்கு 7-வது நாள்ல இருந்து 14-வது நாளுக்குள்ள ரெண்டு தடவை அவங்க போறதுக்கு ஒரு லிஸ்ட் மட்டும் போதும். அந்த லிஸ்டைத் தயார் பண்றது சாஃப்ட்வேருக்கு ரொம்பச் சுலபமான வேலை. அவங்களுக்கு இருக்கிற வேலைப்பளுவுல இதையும் சும்மா சேர்க்க முடியாது, அதுக்குச் சம்பளமும் நேரமும் கொடுக்கணும். அந்தச் செலவை எங்க பட்ஜெட் ஸ்லைடுல முதல் வரியா போட்டிருக்கோம். ரெண்டாவது ரிவ்யூல "இது இன்ஜினியரிங் இல்லையே"ன்னு ஒரு கமென்ட் வந்தது. வரியை எடுக்கல.

இப்போதைய வெர்ஷன்ல ஆப்பே ரெண்டாம்பட்சம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டன் போனுக்கு ஒரு தானியங்கிக் கால் போகும். அஞ்சு கேள்வி. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அமுக்கினா போதும். அமெரிக்காவோட அந்த 52 மையங்கள்லயும் இணையம் வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு இப்படி போன் வழியும் வெச்சிருந்தாங்க. காய்ச்சல் கேள்விக்கு 'ஆமா'ன்னு அமுக்கினா மீதிக் கேள்வியே வராது, "மாத்திரை போடாதீங்க, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்க, 108-ஐக் கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு, வீட்டுல இன்னும் ரெண்டு பேருக்கும் கால் போகும். குரல் பதிவுக்கு எங்க டீம்ல நல்லா தமிழ் பேசுற பொண்ணு ஒருத்தி படிச்சா. பெரியம்மா கேட்டுட்டு, "நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு, யாராவது எடுத்ததும் வெச்சுடுவாங்க"ன்னாங்க.

சிகிச்சை முடிஞ்சு, முடி திரும்ப வளர்ந்து, இப்போ அவங்க மறுபடியும் தார் சுத்துறாங்க. முடிச்சு போடுற வேலை மட்டும் இன்னும் முழுசா வரல. போன ஞாயித்துக்கிழமை தறி ஓடாத நேரமா பார்த்து அவங்க குரல்லயே அஞ்சு கேள்வியையும் ரெக்கார்ட் பண்ணோம். நாலாவது கேள்விக்கு மட்டும் மூணு டேக் ஆச்சு, பக்கத்து வீட்டுல தறி ஓட ஆரம்பிச்சுட்டாங்க.